மெஷின் நின்ற பத்து நிமிடம்: சிறு பட்டறைத் தொழிலாளர்களுக்கு மின்பாதுகாப்புப் பயிற்சி, படிப்படியாக

கோவை, திருப்பூர், கரூர், ஓசூர் பக்கம் இருபது பேர் முதல் நூறு பேர் வரை வேலை பார்க்கும் எந்தப் பட்டறையை எடுத்துக்கொண்டாலும் கரண்டு விஷயம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது. நிரந்தர எலெக்ட்ரீஷியன் கிடையாது. கூப்பிட்டால் வருவார். மதியம் மூன்று மணிக்கு ஒரு மெஷின் நின்றுபோகும். மாலைக்குள் சரக்கு போக வேண்டும். எலெக்ட்ரீஷியன் வேறொரு இடத்தில் வேலையாக இருப்பார், போனை எடுக்கமாட்டார். "விடுங்கண்ணே, ஃபியூஸ்தான் போயிருக்கும், நான் பார்க்கிறேன்" என்று ஒரு இளைஞர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

பயிற்சி தேவைப்படுவது அந்த ஆளுக்கு. அந்தப் பத்து நிமிடத்துக்கு. ஆனால் பெரும்பாலான பயிற்சிகள் ஓம் விதியில் ஆரம்பித்து, ஹெல்மெட் படம் காட்டி, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கி முடிந்துவிடுகின்றன. மறுநாள் மெஷின் நிற்கும்போது அதில் எதுவும் நினைவுக்கு வராது. முதலாளி, சூப்பர்வைசர், மெயின்டெனன்ஸ் பொறுப்பாளர் என யாராவது ஒருவர் முன்னின்று, வெளியாளை நம்பாமல் தானே நடத்தக்கூடிய பயிற்சியைக் கீழே எழுதியிருக்கிறேன். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஷிஃப்ட் தொடங்கும் முன் அரை மணி, வாரத்துக்கு இரண்டு நாள் என்று பிரித்தால் மூன்று வாரத்தில் முடியும்.

படி 1: ஆட்களுக்கு முன் பட்டறையைச் சரி செய்யுங்கள்

உடைந்த பிளக்கை மாட்டிவைத்துக்கொண்டு "உடைந்த பிளக்கைப் பயன்படுத்தாதீர்கள்" என்று வகுப்பெடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனை அரை நாள் அழைத்து, அவரோடு நீங்களே பட்டறையைச் சுற்றி வாருங்கள். கையில் ஒரு நோட்டு, ஒரு சாக்பீஸ்.

முதலில் மெயின் போர்டு. அதன் முன்னால் அட்டைப் பெட்டியும் துணி மூட்டையும் அடுக்கியிருப்பார்கள். அவசரத்தில் ஒருவர் ஓடிவந்து கைப்பிடியை இறக்க முடிகிற அளவுக்கு இடம் வேண்டும். தரையில் மஞ்சள் பெயின்ட்டால் கட்டம் போட்டு அதற்குள் எதையும் வைக்கக்கூடாது என்று ஆக்கிவிடுங்கள். போர்டின் முன் ரப்பர் மேட் இருந்தால் அதில் ஐ.எஸ். 15652 என்ற எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணக் கால்மிதி ரப்பரைப் போட்டிருப்பது பல இடங்களில் வழக்கம். அது நம்பிக்கையை மட்டும்தான் தரும்.

அடுத்து, ஒவ்வொரு சுவிட்சும் எதை நிறுத்துகிறது என்பது. "இது எதுக்குப்பா?" என்று கேட்டால் பாதி சுவிட்சுகளுக்குப் பதில் இருக்காது. ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து, மெஷினுக்கும் அதன் சுவிட்சுக்கும் ஒரே எண் எழுதுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாவிட்டால் இனி வரும் படிகள் எதுவும் நடக்காது.

எர்த்து பற்றி இரண்டு விஷயம் கேளுங்கள். நிலையாகப் பொருத்திய ஒவ்வொரு மோட்டாரின் உடலுக்கும் தனித்தனியாக இரண்டு எர்த்து இணைப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறை. இரண்டு இருக்கிறதா? ஒன்றாவது நட்டு தளராமல் இருக்கிறதா? அடுத்தது, எர்த்துக் குழியின் தடையைக் கடைசியாக எப்போது அளந்தார்கள்? மழைக்குப் பின் அளந்தால் எண் அழகாக வரும். சித்திரை, வைகாசி வெயிலில் மண் காய்ந்து கிடக்கும்போது அளப்பதுதான் அளவு.

பிறகு ஆர்.சி.சி.பி., அதாவது கரண்டு எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் தானாக அறுக்கும் சுவிட்ச். இதைப் பல பட்டறைகளில் "டிரிப் ஆகித் தொந்தரவு பண்ணுது" என்று பைபாஸ் செய்துவைத்திருப்பார்கள். அது டிரிப் ஆனால் எங்கோ கரண்டு கசிகிறது என்று பொருள். கசிவைத்தான் தேட வேண்டும். மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்கள் இருக்கும் லைனில் காரணமில்லாமல் டிரிப் ஆவதுபோலத் தோன்றலாம். அங்கே அதற்கேற்ற வகை ஆர்.சி.சி.பி.யைப் போட வேண்டும் என்பதை எலெக்ட்ரீஷியனிடம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கழற்றி எறிவது தீர்வே அல்ல.

மற்றவை கண்ணுக்கே தெரியும்: பிளக் இல்லாமல் ஒயர் நுனியைச் சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சி சொருகியது, தரையில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட், கதவில்லாத ஃபியூஸ் பெட்டி, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போங்கள். வட்டங்கள் எல்லாம் அழிந்த பிறகு வகுப்பைத் தொடங்குங்கள்.

படி 2: யார் எதுவரை தொடலாம் என்று பிரியுங்கள்

ஆட்களை மூன்று வரிசையாகப் பிரியுங்கள். மெஷின் ஓட்டுபவர்கள், ஹெல்பர்கள், அயர்ன் மாஸ்டர்கள், பேக்கிங்கில் இருப்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள் எல்லாரும் முதல் வரிசை. சுவிட்சைப் போடலாம், அணைக்கலாம், பிளக்கைக் கழற்றலாம். மூடி எதையும் திறக்கக்கூடாது. இரண்டாம் வரிசையில் மெக்கானிக்கும் மெயின்டெனன்ஸ் ஆட்களும். பெல்ட் மாற்றுவது, பேரிங் மாற்றுவது, எண்ணெய் விடுவது இவர்கள் வேலை. மெஷினைப் பூட்டி நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மின் இணைப்பில் கைவைக்கக்கூடாது. மூன்றாவது, தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் ஒயர்மேன் அல்லது சூப்பர்வைசர் தகுதிச் சான்று வைத்திருப்பவர். பெட்டியைத் திறப்பது அவர் மட்டும்தான்.

இந்தப் பட்டியலைப் பெயரோடு எழுதி மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். "அவனுக்கு எல்லாம் தெரியும், வீட்டு ஒயரிங்கே பண்ணியிருக்கான்" என்று பெயர் வாங்கிய ஒருவர் எல்லாப் பட்டறையிலும் இருப்பார். பயிற்சியில் அதிகக் கவனம் வேண்டியவர் அவர்தான். வீட்டில் பேஸுக்கும் (கரண்டு வரும் ஒயர்) நியூட்ரலுக்கும் (கரண்டு திரும்பும் ஒயர்) நடுவே 230 வோல்ட். மூன்று பேஸ் லைனில் இரண்டு பேஸுக்கு நடுவே 400 வோல்ட்டுக்கு மேல். வீட்டில் பழகிய கை அந்த வித்தியாசத்தை உணராது. ஆர்வமுள்ளவராக இருந்தால் ஐ.டி.ஐ.க்கோ சான்றுத் தேர்வுக்கோ அனுப்பிவையுங்கள். அதுவரை முதல் வரிசையிலேயே இருக்கட்டும்.

படி 3: முதல் வகுப்பு, ஒரு பல்பை வைத்து

இந்த வகுப்பில் ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும்: ஆளைக் கொல்லத் தேவையான கரண்டு மிகவும் கொஞ்சம், அதை எம்.சி.பி.யும் (லைனில் கரண்டு அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) ஃபியூஸும் கண்டுகொள்ளவே செய்யாது.

எண்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். உடம்பின் வழியே ஒரு மில்லி ஆம்பியர் போனால் லேசான சுருக்கு. பத்து மில்லி ஆம்பியர் அளவில் கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். "கரண்டு இழுத்துப் பிடிச்சிருச்சு" என்று சொல்வார்களே, அது இதுதான். பிடித்துக்கொண்டிருப்பது நம் கைதான். முப்பதைத் தாண்டினால் மூச்சு திணறும். ஐம்பது, நூறு என்று போகும்போது இதயம் துடிப்பதற்குப் பதிலாக நடுங்க ஆரம்பித்து, ரத்தம் ஓடுவது நின்றுவிடும். வியர்த்த கை, ஈரத் தரை, வெறுங்கால் என்றால் உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கும். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். அதாவது கால் ஆம்பியர்கூட இல்லை. லைனில் இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பது அதன் வேலை. ஆளைக் காப்பது அதன் வேலையில்லை.

இதைக் கண்ணால் காட்டலாம். ஒரு மரப்பலகையில் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஒரு ஹோல்டர் மூன்றையும் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துங்கள். ஹோல்டரில் 15 வாட் குண்டு பல்பு, சாமி படத்துக்கு முன்னால் எரியுமே, அது. அது எரிய இழுக்கும் கரண்டு சுமார் 65 மில்லி ஆம்பியர். "இந்த வெளிச்சத்துக்கு ஆகிற கரண்டு நெஞ்சு வழியா போனா போதும்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருங்கள். அடுத்து எலெக்ட்ரீஷியன் அதே பல்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே இணைத்து சுவிட்சைப் போடட்டும். பல்பு எரிவதைப் பார்ப்பதற்குள் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகிவிடும். எம்.சி.பி. அப்படியே நிற்கும். எவ்வளவு பேசினாலும் இந்த ஒரு சத்தம் பதிகிற அளவுக்குப் பதியாது. இதைச் செய்வது சான்று உள்ளவர் மட்டும்தான். நீங்கள் முயல வேண்டாம்.

ஆர்.சி.சி.பி. இருந்தால் கவலையில்லை என்று நினைத்துவிடக்கூடாது என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால், கரண்டு எர்த்துக்குப் போகாமல் சுற்றிலேயே திரும்பிவிடும். ஆர்.சி.சி.பி.க்கு நீங்களும் ஒரு பல்புதான்.

படி 4: மெஷினைப் போடும் முன் ஒரு நிமிடம்

முதல் வரிசை ஆட்களுக்கு மொத்தமும் இதுதான். வகுப்பறையில் வேண்டாம், அவரவர் மெஷினுக்கு முன்னால் நின்று சொல்லிக்கொடுங்கள்.

கண்ணால்: ஒயர் மெஷினுக்குள் நுழையும் இடத்தில் மேல் உறை கிழிந்திருக்கிறதா? பிளக்கில் மூன்று முள்ளும் இருக்கின்றனவா? எதன் மேலாவது தண்ணீர், எண்ணெய், கூலன்ட் சிந்தியிருக்கிறதா? மூக்கால்: கருகிய வாடை. காதால்: போர்டுக்குள் 'கிர்' என்ற சத்தம். கையால்: தொட்டுப் பார்க்கும் வேலையே வேண்டாம். "லேசா சுருக்குனு இருக்கு, ஆனா ஓடுது" என்கிற மெஷின்தான் பட்டறையிலேயே ஆபத்தான மெஷின். எர்த்து அறுந்து, உடலில் கசிவு ஏறி, காய்ந்த தரையும் செருப்பும் இருப்பதால் இன்று லேசாக இருக்கிறது. நாளை தரை நனைந்தால் அதே கசிவு வேறு கணக்காகும்.

பனியன் கம்பெனியில் அயர்ன் பாக்ஸையும் பெடஸ்டல் ஃபேனையும் தனியாகக் கவனியுங்கள். அயர்ன் பாக்ஸ் ஒயர் நாள் முழுக்க மடங்கி நிமிர்ந்து கழுத்தில் அறும். பெடஸ்டல் ஃபேனை ஒயரைப் பிடித்தே இழுத்து இடம் மாற்றுவார்கள். இரும்பு உடம்பு, வியர்த்த கை. பஞ்சுத் தூசி மோட்டார் மேலும் போர்டுக்குள்ளும் அடையும் இடங்களில் ஷாக்கோடு தீயும் சேர்ந்துகொள்ளும்.

ஏதாவது தப்பாகத் தெரிந்தால் என்ன செய்வது? மூன்று சொல்: அணை, சொல், விலகு. மெஷினை அணை, சூப்பர்வைசரிடம் சொல், சரிசெய்து, அதில் தொங்கும் சிவப்புச் சீட்டை (படி 5) எடுக்கும்வரை அதன் பக்கம் போகாதே. எல்லாரையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு உண்மையைப் பேசியாக வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவர் மெஷினை நிறுத்தினால் அவருடைய கூலி நிற்கிறது. அரை மணி நேரம் போனால் அன்றைய காசு குறைகிறது. அப்படியிருக்க, சுருக்கென்று இழுக்கும் மெஷினை அவர் ஏன் நிறுத்துவார்? சந்தேகத்தில் நிறுத்திய நேரத்துக்குச் சராசரிக் கூலி உண்டு, வேறு மெஷினும் உண்டு என்று வகுப்பிலேயே அறிவியுங்கள். பார்த்ததில் குறை ஒன்றும் இல்லையென்றாலும் அந்தக் கூலி உண்டு. இதற்கு மனமில்லாத இடத்தில் அணை, சொல், விலகு என்று எழுதி மாட்டுவது வீண்.

படி 5: பூட்டும் சீட்டும்

இரண்டாம் வரிசை ஆட்களுக்கு இதுதான் உயிர். ஆலைகளில் 'லோட்டோ' (லாக் அவுட், டேக் அவுட்) என்பார்கள். மின்வாரிய ஆட்கள் லைனில் ஏறும் முன் 'எல்.சி.' (லைன் கிளியர், கரண்டை நிறுத்தியாயிற்று என்ற அனுமதி) வாங்குவதை எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம், அடிப்படை அதேதான். ஒருவர் கை உள்ளே இருக்கும்போது வேறொருவர் கரண்டைப் போட முடியாதபடி செய்வது.

முதலில் உடைக்க வேண்டிய நம்பிக்கை: சிவப்பு ஸ்டாப் பட்டனை அழுத்தினால் மெஷின் செத்துவிட்டது என்பது. ஸ்டாப் பட்டனும் எமர்ஜென்சி பட்டனும் கன்ட்ரோல் லைனை மட்டும் அறுக்கின்றன. உள்ளே கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்தும் காந்தச் சுவிட்ச்) வரைக்கும் மூன்று பேஸும் உயிரோடு நிற்கும். கான்டாக்டர் ஒட்டிக்கொண்டால் மெஷின் தானாகவே ஓடவும் கூடும். மெஷினுக்கு முந்தைய ஐசொலேட்டரையோ (லைனையே துண்டிக்கும் சுவிட்ச்) எம்.சி.பி.யையோ இறக்கினால்தான் நிறுத்தியதாகக் கணக்கு.

வேலை தொடங்கும் ஆள் செய்ய வேண்டிய வரிசை:

1. மெஷின் ஓட்டுபவரிடமும் சூப்பர்வைசரிடமும் சொல்வது.
2. மெஷினை முறையாக நிறுத்துவது, பிறகு அதே எண்ணுள்ள சுவிட்சை இறக்குவது.
3. சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைப்பது.
4. பெயர், நேரம், என்ன வேலை என்று எழுதிய சிவப்புச் சீட்டைத் தொங்கவிடுவது.
5. திரும்பி வந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது. ஓடக்கூடாது. பார்த்த பின் ஸ்டாப்பையும் அழுத்திவிடுவது.

ஒரு மெஷினில் மூன்று பேர் வேலை பார்த்தால் மூன்று பூட்டு. பல பூட்டுகளை ஒரே இடத்தில் மாட்டும் கொக்கி கடையில் கிடைக்கிறது. எம்.சி.பி.யைப் பூட்டுவதற்கான சின்ன கிளிப்பும் உண்டு. போட்ட ஆள்தான் எடுக்க வேண்டும். அவர் மறந்து வீட்டுக்குப் போய்விட்டால் போனில் பேசி, அவர் பட்டறையில் இல்லை, மெஷினில் ஆளும் இல்லை என்று சூப்பர்வைசர் நேரில் உறுதி செய்த பிறகுதான் பூட்டை வெட்டலாம். மாற்றுச் சாவியை ஆபீஸ் ஆணியில் தொங்கவிட்டால் பூட்டு போட்டதற்கே அர்த்தமில்லை.

இன்னும் பழைய ஃபியூஸ் கட்டைகளே இருக்கும் பட்டறையில், மூன்று கட்டைகளையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவது பழைய ஆட்களின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அது போதாது. வேறு கட்டையைக் கொண்டுவந்து மாட்டுகிற கெட்டிக்காரரும் இருப்பார். பெட்டிக் கதவையும் பூட்டுங்கள்.

தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்கென்றே இருக்கும் பொறி ஒன்று உண்டு: "கரண்டு போயிருக்கு, இப்பவே அந்த ஒயரைப் பார்த்துடலாம்." ஈ.பி. லைன் எந்த நொடியும் திரும்பும். தானாக ஓடும் ஜெனரேட்டர் சில நொடிகளில் எடுத்துக்கொள்ளும். கூரையில் சோலார் இருந்தால், இன்வர்ட்டர் அணைந்திருந்தாலும் பேனலிலிருந்து அதுவரை வரும் ஒயரில் வெயில் இருக்கும்வரை கரண்டு இருக்கும். கரண்டு போன நேரமும் பூட்டுக்கு விலக்கில்லை.

இதைப் பேசிப் புரியவைக்க முடியாது. உண்மையான ஒரு மெஷினில், ஒவ்வொருவரும் தனியாகச் செய்து காட்ட வேண்டும். நடுவில் நீங்கள் போய், "அவசரம், பூட்டை எடு, ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்க்கலாம்" என்று அதட்டுங்கள். முதலாளியே கேட்டாலும் "முடியாதுங்க, ஆள் உள்ளே இருக்கார்" என்று சொல்கிறவர்தான் தேறியவர். அப்படிச் சொன்னவரை எல்லார் முன்னாலும் பாராட்டுங்கள்.

படி 6: கரண்டு இல்லை என்று உறுதி செய்வது

இது மூன்றாம் வரிசைக்கு. இரண்டாம் வரிசை ஆட்கள் பார்க்கலாம், செய்யக்கூடாது.

நம் ஊரில் சட்டைப்பையில் பேனா இருக்கும் இடத்தில் டெஸ்டர் இருக்கும். டெஸ்டர் எரிந்தால் கரண்டு இருக்கிறது, அது சரி. எரியவில்லையென்றால் கரண்டு இல்லை என்று அர்த்தமில்லை. உள்ளே நியான் செத்திருக்கலாம், வெயில் வெளிச்சத்தில் தெரியாமல் போகலாம், நீங்கள் காய்ந்த மர ஸ்டூல் மேலோ பிளாஸ்டிக் ஸ்டூல் மேலோ நிற்கலாம். இரண்டு முனையுள்ள வோல்டேஜ் டெஸ்டரோ தரமான மல்டிமீட்டரோ வேண்டும். முதலில் கரண்டு இருப்பது தெரிந்த இடத்தில் வைத்துக் கருவி வேலை செய்கிறதா என்று பார். அடுத்து வேலை செய்யும் இடத்தில், பேஸுக்கும் பேஸுக்கும், பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும் பார். திரும்பவும் தெரிந்த இடத்தில் வைத்துப் பார். இந்த மூன்றாவது முறையைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். நடுவில் கருவி செத்திருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது அது ஒன்றுதான்.

சுவிட்சை இறக்கிய பிறகும் கரண்டைத் தேக்கிவைத்திருப்பவை இரண்டு. ஒன்று, பவர் ஃபேக்டருக்காக வைத்த கெப்பாசிட்டர் பேங்க். இன்னொன்று டிரைவ்: 415 வோல்ட் லைனில் ஓடும் டிரைவின் உள்ளே தேங்கும் வோல்டேஜ் அறுநூறுக்குக் கொஞ்சம்தான் குறைவு. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அதன் மூடியிலேயே எழுதியிருக்கும். அந்த நேரம் கழித்து, அளந்து பார்த்துத்தான் கைவைக்க வேண்டும்.

படி 7: ஷாக் அடித்தவரைக் காப்பாற்றும் ஒத்திகை

ஒருவர் பிடிபட்டு நிற்பதைப் பார்த்தால் ஓடிப்போய் இழுப்பதுதான் மனித இயல்பு. இழுத்தவரும் சேர்ந்து மாட்டுவார். அந்த இயல்பை மாற்ற வாயால் சொன்னால் போதாது, உடம்பு பழக வேண்டும்.

ஒருவரை மெஷினைப் பிடித்தபடி நடிக்கச் சொல்லுங்கள். மற்றவர் செய்ய வேண்டிய முதல் காரியம், "கரண்டு, கரண்டு!" என்று கத்திக்கொண்டே சுவிட்சை நோக்கி ஓடுவது. தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் எது பேசுபவருக்கும் இந்தச் சொல் புரியும். மெஷின் எண்ணும் சுவிட்ச் எண்ணும் ஒன்றாக இருந்தால் எது என்று தேட வேண்டியதில்லை. தெரியவில்லையென்றால் மெயினையே இறக்கு. கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். முதல் தடவை எவ்வளவு தாமதம் ஆகிறது என்று பார்த்து எல்லாரும் மிரண்டுபோவார்கள். சுவிட்சை அடைய வழியே இல்லையென்றால் மட்டும், காய்ந்த மரப்பலகையின் மேல் நின்று, காய்ந்த மரக்கட்டையால் ஆளைத் தள்ளிவிடலாம். இது தாழ்வழுத்த லைனுக்கு மட்டும். 11 கே.வி. (11,000 வோல்ட்) லைன் பக்கத்தில் எந்தக் கட்டையும் காப்பாற்றாது. விலகி நின்று மின்வாரியத்தை அழைப்பது ஒன்றே வழி. தமிழ்நாட்டில் மின்னகம் எண் 94987 94987.

ஆளை விடுவித்ததும் ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். யார் என்று கை நீட்டிச் சொல்லுங்கள். "யாராவது கூப்பிடுங்க" என்றால் யாரும் கூப்பிடமாட்டார்கள். கூப்பிட்டால் உணர்வில்லை, சாதாரணமாக மூச்சு இல்லை என்றால் உடனே நெஞ்சழுத்தம். கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மற்றொரு கை. முழங்கை மடங்காமல், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல், ஆறைத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு கொடுக்கலாம். தெரியாதவர் அழுத்தத்தை மட்டும் நிறுத்தாமல் செய்தால் போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்; கை ஓய்ந்தால் ஆழம் குறைந்துவிடும். இதற்குப் பயிற்சிப் பொம்மை அவசியம். செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகளிடம் முதலுதவி வகுப்புக்குக் கேளுங்கள். உயிருள்ள ஆள் மேல் ஒருபோதும் அழுத்திப் பழகக்கூடாது.

எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்லைண்ணே" என்பவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். தோலில் சின்னப் புள்ளியாகத் தெரியும் காயத்துக்குக் கீழே தசை வெந்திருக்கலாம். இதயத்துடிப்பு பிறகு தடுமாறலாம். தண்ணீர் கொடுப்பது, கையில் இரும்பைத் திணிப்பது, மண்ணில் புதைப்பது போன்ற பழக்கங்கள் இன்னும் உலவுகின்றன. அவற்றில் போகும் ஒவ்வொரு நிமிடமும் நெஞ்சழுத்தத்துக்குப் போக வேண்டிய நிமிடம்.

போர்டில் தீ என்றால் வரிசை எளிது: மெயின், பிறகு கார்பன் டை ஆக்சைடு அல்லது பவுடர் சிலிண்டர். தண்ணீர் வாளியைத் தூக்கக்கூடாது.

படி 8: உங்கள் பட்டறைக்கே உரியவை

எல்லாருக்கும் எல்லாம் வேண்டாம், உங்களிடம் இருப்பதை மட்டும் எடுங்கள்.

வெல்டிங் இருந்தால்: கம்பி மாற்றும்போது ஹோல்டரில் 50 முதல் 80 வோல்ட் நிற்கும். வியர்வையில் நனைந்த சட்டையோடு இரும்புக்கு நடுவே உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அதுவே அதிகம். காய்ந்த கையுறை, முழு உறையுள்ள ஹோல்டர். எர்த்துக் கிளாம்பை வேலை செய்யும் இரும்பிலேயே மாட்ட வேண்டும், பட்டறைத் தூணில் அல்ல. டேங்க், பாய்லர் உள்ளே கைவிளக்கு என்றால் 24 வோல்ட் தவிர வேறெதுவும் போகக்கூடாது.

மேலே லைன் போகிறதென்றால்: நீளமான கம்பி, பைப், அலுமினிய ஏணி எதையும் நிமிர்த்தித் தூக்கக்கூடாது, இரண்டு பேர் படுக்கவசமாகத் தூக்க வேண்டும். கட்டடத்திலிருந்து 11 கே.வி. லைனுக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டரும் உயரத்தில் 3.7 மீட்டரும் விதிப்படி இருக்க வேண்டும். ஷெட்டை உயர்த்தியபோதோ மாடி எடுத்தபோதோ அந்த இடைவெளி தொலைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அறுந்து விழுந்த ஒயரை மழைக்காலத்தில் பார்த்தால் பத்து மீட்டருக்குள் போகாதே. ஏற்கெனவே உள்ளே நின்றுகொண்டிருந்தால், அடி எடுத்து வைக்காமல் இரண்டு பாதங்களையும் சேர்த்து, தரையில் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து வெளியே வர வேண்டும்.

ஆயுத பூஜை. இதை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் பார்க்க முடியாது. ஆனால் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் மொத்தப் பட்டறையும் தண்ணீரும் ஈரத்துணியுமாகப் போர்டு வரைக்கும் போகும். சுத்தம் செய்யும் முன் மெயினை இறக்கிப் பூட்டுங்கள். பெட்டிக்கு வெளியே காய்ந்த துணி மட்டும். சந்தனம், குங்குமம் கதவின் வெளிப்பக்கம். சீரியல் விளக்கை மெஷினின் இரும்பில் சுற்றாதீர்கள். அதோடு வடகிழக்குப் பருவமழையும் தீபாவளி ஆர்டரும் ஒன்றாக வந்து சேரும் காலம் அது. ஆண்டுக்கொரு முறை மறுபயிற்சி என்றால் செப்டம்பரில் வையுங்கள்.

படி 9: தேறினார்களா என்று பார்ப்பது

எழுத்துத் தேர்வு வேண்டாம். பயிற்சி முடிந்து ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் மூன்று விஷயம் பாருங்கள். ஒரு மெஷின் எண்ணைச் சொல்லி அதன் சுவிட்சைக் காட்டச் சொல்லுங்கள். ரிப்பேருக்கு நிற்கும் மெஷினில் பூட்டு தொங்குகிறதா, சாவி யாரிடம் என்று கேளுங்கள். நேற்று சேர்ந்த ஹெல்பரிடம், "ஒருத்தருக்கு ஷாக் அடிச்சா என்ன பண்ணுவே?" என்று கேளுங்கள். புது ஆள் முதல் நாளிலேயே படி 4-ஐயும் படி 7-ஐயும் கற்காமல் மெஷினில் உட்காரக்கூடாது. வடமாநிலத் தொழிலாளர்களுக்கு அவர்களில் மூத்த ஒருவரை முதலில் பழக்கி, அவர் மூலம் அவர்கள் மொழியில் நடத்துங்கள். தலையாட்டினால் புரிந்தது என்று எடுத்துக்கொள்ளாமல் செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஷாக் முதலுதவி விளக்கப் பலகையை ஒவ்வொரு தொழிற்சாலையிலும் உள்ளூர் மொழியில் கண்ணில் படும்படி மாட்டுவது சட்டப்படிக் கட்டாயம். மின்விபத்தில் உயிரிழப்போ காயமோ ஏற்பட்டால் மின்சாரச் சட்டம் 2003-இன் 161-ஆம் பிரிவின்படி மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் பார்க்கும்வரை அந்த இடத்தைக் கலைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு நூலில் பேனாவோடு கட்டித் தொங்கவிடுங்கள். "6-ஆம் நம்பர் சுருக்குனு இழுத்தது", "ஃபேன் ஒயர் கருகுது" என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதத் தெரியாதவர் சொல்லி எழுதவைக்கலாம். பெயர் போட வேண்டியதில்லை. எதிரில் என்ன செய்தோம், எந்தத் தேதியில் என்று சூப்பர்வைசர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்ததையும் அதிலேயே எழுதுங்கள். இரண்டு மாதமாக அந்த நோட்டில் ஒரு வரிகூட விழவில்லையென்றால், பட்டறையில் குறையே இல்லை என்று எண்ணாமல் மறுபடி சாக்பீஸை எடுத்துக்கொண்டு படி 1-க்குப் போங்கள்.